வெள்ளியங்கிரி ஏறப் போறீங்களா? இறக்கத்துக்கும் தெம்பு மிச்சம் வைங்க

கேள்வி: சார், மார்ச் மாசம் ஃப்ரெண்ட்ஸோட வெள்ளியங்கிரி போறதா பிளான். டெய்லி கிரிக்கெட் ஆடுறேன், ஸ்டாமினாவுக்கு குறை இல்ல. ஆனா போய்ட்டு வந்தவங்க எல்லாரும் ஏறுறதை விட இறங்குறதுதான் உயிர் போகுதுன்னு சொல்றாங்களே, நிஜமா?
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: நிஜம்தான் தம்பி. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்னா சரியாயிடும். இறங்கும்போது மூச்சு நல்லாதான் இருக்கும், அதனால நமக்கு ஒண்ணும் இல்லன்னு நினைச்சு வேகமா இறங்கிடுவோம், ஆனா ஒவ்வொரு படியிலயும் மொத்த உடம்பு வெயிட்டையும் பிரேக் போட்டு நிறுத்துறது தொடைத் தசைதான், அதுவும் அது சுருங்குறதுக்குப் பதிலா இழுபட்டுக்கிட்டே வேலை செய்யுது, அப்பதான் தசை நார்ல நுண்ணிய கிழிசல் அதிகம் விழும். மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் பாத்ரூம்ல உக்காந்து எந்திரிக்க முடியாம போறதுக்கு இதுதான் காரணம்.

வெள்ளியங்கிரின்னா கோவை பக்கத்துல வரிசையா ஏழு மலை, ஏழாவது மலை உச்சிலதான் சிவன் இருக்கார். பூண்டி அடிவாரத்துல இருந்து முதல் மலை பூரா செங்குத்தா கல்படிதான். வர்றவங்க நிறைய பேர் அங்கயே வேகம் காட்டி முக்கால்வாசி சக்தியை காலி பண்ணிடுறாங்க. நடுவுல பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை எல்லாம் தாண்டினா கொஞ்சம் சமதளம், புல்வெளி வரும், மனசு லேசாகும். அப்புறம் ஆறாவது மலைல கீழ இறங்கி ஆண்டி சுனைக்கு போய், அங்கிருந்து ஏழாவது மலை நெட்டுக்குத்தா ஏறணும். பிளான் போடும்போது யாரும் கணக்குல எடுத்துக்காத விஷயம் ஒண்ணு இருக்கு, திரும்பி வரும்போது அந்த ஆறாவது மலை உங்களுக்கு ஏத்தம். அதை ஏறி முடிச்சு, நாளெல்லாம் நடந்த காலோட கடைசியா அதே முதல் மலைப் படிக்கட்டுக்கு வந்து சேருவீங்க. அங்க சாயங்காலம் நின்னு பாருங்க, நல்ல வாட்டசாட்டமான பசங்க கூட தொடை கிடுகிடுன்னு ஆட, மூங்கில் கம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல நண்டு மாதிரி இறங்கிட்டு இருப்பாங்க.

அதனால இப்ப இருந்தே வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் மாடிப்படி ஏறி இறங்குங்க, லிஃப்ட்ல ஏறி படில இறங்கினாலும் சரிதான், இறக்கத்துக்குத்தான் பயிற்சி வேணும். கால் நகத்தை ரெண்டு நாள் முன்னாடியே வெட்டிடுங்க, இல்லன்னா ஷூ முனைல இடிச்சு இடிச்சு நகம் கருத்துப் போயிடும். இறங்க ஆரம்பிக்கும்போது லேஸை டைட்டா கட்டுங்க. கம்பை முதல்ல கீழ்ப்படில ஊனி, அப்புறம் காலை வைங்க. வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருக்காதீங்க, வேர்வையோட உப்பும் போகுது, ஓஆர்எஸ் பாக்கெட் ரெண்டு வச்சுக்கோங்க, கூட கடலை மிட்டாய், பேரிச்சம்பழம். அடிவாரத்துல பையை செக் பண்ணி பிளாஸ்டிக் கவரை எடுத்துடுவாங்க, அதனால பேப்பர்லயோ துணிலயோ மடிச்சுடுங்க.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு, சுகருக்கு மாத்திரை போடுறார். எங்க கூட வந்தே தீருவேன்னு அடம் பிடிக்கிறார். கூட்டிட்டுப் போகலாமா?
- வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: அவரோட ஆசை எனக்குப் புரியுது, ஆனா டாக்டர்கிட்ட காட்டாம கூட்டிட்டுப் போகாதீங்கப்பா. இந்த மலைல சீசன் நேரத்துல நெஞ்சு வலி வந்து இறந்து போனவங்க இருக்காங்க, அதுல வயசு கம்மியானவங்களும் உண்டு. மேல ஒருத்தருக்கு முடியாமப் போனா டோலி கட்டி தூக்கிட்டுத்தான் வரணும், அதுக்கு மணிக்கணக்கா ஆகும். ஈசிஜி மட்டும் பத்தாது, டிரெட்மில் டெஸ்ட் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சில சுகர் மாத்திரை இவ்வளவு நடைல சுகரை ரொம்ப கீழ இறக்கிடும், அன்னைக்கு டோஸ் எவ்வளவுன்னு டாக்டரே சொல்லட்டும், நீங்களா குறைக்காதீங்க. சுகர் இருக்கறவங்களுக்கு நெஞ்சு வலி தெரியாமலே அட்டாக் வரலாம், அதனால வழக்கத்துக்கு மாறா மூச்சு இரைப்பு, ஜில்லுன்னு வேர்வை, தாடைலயோ கைலயோ இழுக்குற மாதிரி இருந்தா அங்கயே உக்கார வச்சு ஆள் கூப்பிடுங்க, இன்னும் ஒரு மலைதானேன்னு நடக்க வைக்காதீங்க. டாக்டர் வேணாம்னு சொல்லிட்டா அடிவாரக் கோயில்ல சாமி கும்பிட்டு வரட்டும்.

கேள்வி: ராத்திரி ஏறி மேல சூரிய உதயம் பாக்கறது நல்லதா, பகல்ல ஏறுறது நல்லதா?
- வாசகர் ஒருவர், சேலம்

பதில்: வெயில் இல்லாததால ராத்திரி ஏற சுலபம், சீசன்ல கூட்டமும் இருக்கும். அடிவாரக் காடு யானை நடமாடுற இடம், பாதையை விட்டு விலகாதீங்க, தனியா ஏறாதீங்க. கை ரெண்டும் கம்புக்கு வேணும், தலைல மாட்டுற டார்ச் வாங்குங்க. உச்சில காத்து பிச்சு எடுக்கும், வேர்வைல நனைஞ்ச சட்டையோட நின்னா வெடவெடன்னு நடுங்கிடும், மாத்துறதுக்கு ஒரு காஞ்ச சட்டையும் குல்லாவும் பைல இருக்கட்டும். தூக்கமில்லாம ஏறினவங்க உதயம் பார்த்த கையோட இறங்க கிளம்பாதீங்க, கால் இடறுறது அப்பதான். நல்ல இடமா பார்த்து ஒரு மணி நேரம் சாஞ்சுட்டு, ஏதாவது சாப்ட்டுட்டு கிளம்புங்க.