போலோ ஜிடியைத் தாழ்த்த ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா, காயிலோவர் வேண்டுமா?

திருவொற்றியூர்க்காரர் நீங்கள், தினமும் எண்ணூர் விரைவுச்சாலையில் ஓட்டம், 50 மி.மீ. தாழ்த்த ஆசை என்கிறீர்கள். முதலில் அந்த 50-ஐ விடுங்கள். கண்டெய்னர் டிரெய்லர்கள் உழுது போடும் சாலை அது.

நான் தண்டையார்பேட்டை, என்னிடமும் அதே கார். மலிவாகக் கிடைத்ததென்று ஒரு செகண்ட் ஹேண்ட் காயிலோவர் வாங்கி மாட்டினேன். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்து, உயரத்தைக் கூட்டிக் குறைக்க வசதியாக வரும் செட் அது. ஆறு மாதம் சொர்க்கம். இரண்டு மழைக்காலம் கழித்து, கொஞ்சம் உயர்த்தலாமென்று சி ஸ்பேனரைப் போட்டால், உயரம் மாற்றத் திருகும் வளையமான காலர் அசையவே இல்லை. மரை முழுக்கத் துரு, அதன்மேல் சிமெண்ட் மாதிரி இறுகிய மண். மெக்கானிக் துருநீக்கி அடித்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு, சுத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இத்த வெல்டிங் பண்ணிட்டாங்கன்னு நெனச்சுக்கோ" என்றார்.

அதனால் கடலோரத்தில் காயிலோவர் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். கேடபிள்யூ கம்பெனியின் வேரியன்ட் வரிசை அப்படி வருகிறது. வேரியன்ட் 1-இல் உயரம் மட்டும் மாற்றலாம். 3-இல் ரீபவுண்ட் (ஷாக் விரியும்போது காட்டும் இறுக்கம்), கம்ப்ரெஷன் (அமுங்கும்போது காட்டும் இறுக்கம்) இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம். அப்பா காலத்தில் சோழவரம் ரன்வேயில் ரேஸ் நடந்தது, நமக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். அங்கே அடிக்கடி போகிறவருக்கு 3 சரி. மணலிக்கும் ராயபுரத்துக்கும் ஓட்ட எதற்கு?

ஸ்பிரிங் மட்டும் மாற்றுவதும் அரைக்கிணறுதான். குட்டை ஸ்பிரிங் இறுக்கமானது. கம்பெனி ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. புது ஸ்பிரிங் எகிறுவதை அதனால் அடக்க முடியாது. ஷாக்கின் ராடும் எப்போதும் கொஞ்சம் இறங்கியே நிற்பதால் பள்ளத்தில் சீக்கிரம் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்புக் கட்டையில் போய் இடிக்கும். வண்டி 'டங்' என்று சொல்லும், இடுப்பு பதில் சொல்லும்.

நான் இப்போது போட்டிருப்பது பில்ஸ்டீன் பி12. தாழ்த்திய வண்டிக்கென்றே குட்டையாகச் செய்த பி8 ஷாக்கும் ஐபாக் ஸ்பிரிங்கும் ஒரே பெட்டியில் வரும். இறக்கம் சுமார் 30 மி.மீ. அதற்குமேல் இறக்கினால் நம்முடையதைப் போன்ற மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வண்டியில், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். திருப்பத்தில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். பார்க்க ரேஸ் கார், திருப்பத்தில் பாயும் குணம் குறையும்.

மாட்டியதும் அலைன்மென்ட் பார்த்தே ஆகவேண்டும். நான் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டை. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தலாம் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வெட்டிய முனை ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சரியாகப் பொருந்தாது.

அப்புறம், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதற்குக் கடிவாளம் போடுகிறது. ஆர்டிஓவிலும் இன்ஷூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கழற்றிய பழைய செட்டை விற்காதீர்கள். என்னுடையது மொட்டை மாடியில், தார்ப்பாய்க்குள், கிரீஸ் தடவி இருக்கிறது.