1979-க்கு முன்னும் ஈரான் இருந்தது

கேள்வி: உலகில் எங்கே பஞ்சம் வந்தாலும் பூகம்பம் வந்தாலும் முதலில் உதவிக்கு வருவது அமெரிக்கா. ஆனாலும் அந்நாட்டு அதிபர்களின் கொடும்பாவியை ஊர் ஊராக எரிக்கிறார்கள். ஈரானில் தூதரக ஊழியர்களை 444 நாள் அடைத்தே வைத்தார்கள். இதெல்லாம் அமெரிக்காவின் செல்வத்தின்மீதும் சுதந்திரத்தின்மீதும் பிற நாட்டவருக்கு இருக்கும் பொறாமை என்கிறேன் நான். மறுப்பீர்களா?
— வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: மறுக்கிறேன். உதவியைப் பற்றி நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். பொறாமை என்ற விளக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க அதிபர்மீது மற்ற நாட்டு மக்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதை அமெரிக்காவைச் சேர்ந்த பியூ ஆய்வு மையமே ஆண்டுதோறும் கேட்டு வெளியிடுகிறது. ஜெர்மனியில் 2016-ல் ஒபாமாவை நம்பியவர்கள் நூற்றுக்கு 86 பேர். டிரம்ப் பதவியேற்ற சில மாதங்களில், 2017-ல், அதே கேள்விக்கு ஆம் என்றவர்கள் 11 பேர். அந்த ஓராண்டில் அமெரிக்காவின் செல்வம் கரைந்துவிடவில்லை, ஜெர்மானியர் ஏழைகளாகிவிடவும் இல்லை. ஆள்பவர் மாறினார், அவர் உலகத்தை நோக்கிச் சொன்ன சொல் மாறியது. பொறாமை இப்படி ஆள் பார்த்து ஏறி இறங்குவதில்லை.

நீங்களே ஈரானை எடுத்துக்கொண்டதால் அங்கேயே நின்று பேசுவோம். 1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்து, 52 பேரை 1981 ஜனவரி 20 வரை பிணைக்கைதிகளாக வைத்திருந்தது பன்னாட்டுச் சட்டத்துக்கு முற்றிலும் எதிரான செயல். அதை நியாயப்படுத்த நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கணக்கு அந்த நாளில் தொடங்குகிறது. ஈரானியர் கணக்கு அங்கே தொடங்குவதில்லை.

அந்தக் கணக்கின் முதல் பக்கம் அன்பில்தான் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஈரானின் தப்ரீஸ் நகரத்தில் ஹாவர்டு பாஸ்கர்வில் என்ற அமெரிக்க இளைஞரின் கல்லறை இருக்கிறது. நெப்ராஸ்காவில் பிறந்து, பிரின்ஸ்டனில் படித்து, தப்ரீஸின் மிஷன் பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர் அவர். அரசியலமைப்பு ஆட்சி கேட்டுப் போராடிய அந்நகரத்தை மன்னரின் படை வளைத்துப் பட்டினி போட்டபோது, அவர் பள்ளியை விட்டு வெளியே வந்து போராளிகளோடு சேர்ந்தார். முற்றுகையை உடைக்கும் முயற்சியில் 1909 ஏப்ரலில், 24 வயதில், சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து 1911-ல், ரஷ்யாவும் பிரிட்டனும் ஈரானைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கருவூலத்தைச் சீர்செய்ய ஈரான் நாடாளுமன்றம் தேடி அழைத்தது மார்கன் ஷூஸ்டர் என்ற அமெரிக்கரைத்தான். அவரை வெளியேற்ற வேண்டும் என்று ரஷ்யா இறுதி எச்சரிக்கை விடுத்தபோது, அந்த நாடாளுமன்றம் பணிய மறுத்தது. தங்கள்மீது கண் வைக்காத ஒரே வல்லரசு அமெரிக்கா என்று ஈரானியர் நம்பிய காலம் அது. அமெரிக்கா அன்றும் அவர்களைவிடச் செல்வமும் சுதந்திரமும் மிக்க நாடுதான். அப்போது எழாத பொறாமை பிறகு எங்கிருந்து வந்திருக்கும்?

அந்த நம்பிக்கை 1951-லும் இருந்தது. ஈரான் பிரதமர் முகம்மது மொசாதேக், பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையில் இருந்த எண்ணெயை நாட்டுடைமையாக்கினார்; ஈரானின் எண்ணெயிலிருந்து ஈரானுக்குக் கிடைத்த பங்கைவிட பிரிட்டன் அரசு வரியாக வாங்கியது அதிகம் என்ற நிலைக்கு அவர் முடிவு கட்ட நினைத்தார். பிரிட்டன் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குப் போனபோது அவரே அமெரிக்கா சென்று வாதாடினார். அந்தப் பயணத்தில் பிலடெல்பியாவுக்குப் போய் அமெரிக்க விடுதலையின் அடையாளமான சுதந்திர மணியைத் தொட்டுப் பார்த்தார். பிரிட்டனிடமிருந்து விடுபட்ட நாடு தன் வழக்கைப் புரிந்துகொள்ளும் என்பதே அவர் எண்ணம். மொசாதேக்கின் ஆட்சியைக் கவிழ்க்க பிரிட்டன் போட்ட திட்டத்துக்கு உடந்தையாக இருக்க அதிபர் ட்ரூமனின் அரசு இசையவில்லை. அடுத்து வந்த ஐசனோவர் இசைந்தார். 1953 ஆகஸ்டில் சி.ஐ.ஏ.வும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து நடத்திய முதல் முயற்சி தோற்று, ஈரான் மன்னர் ஷா நாட்டை விட்டே ஓடிவிட்டார். நான்கைந்து நாளில், ஆகஸ்ட் 19 அன்று, இரண்டாம் முயற்சி வென்றது. டெஹ்ரானில் இருந்து இதை நடத்தியவர் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரன் கெர்மிட் ரூஸ்வெல்ட். மொசாதேக் மூன்றாண்டு சிறையிலும், 1967-ல் இறக்கும்வரை தன் கிராமத்து வீட்டுக் காவலிலும் இருந்தார். 1954-ல் ஈரானிய எண்ணெய்க்கு அமைந்த புதிய கூட்டமைப்பில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு பங்கு கிடைத்தது. இவை எதிரிகள் கட்டிய கதைகள் அல்ல. அமெரிக்காவின் பங்கை 2000-ல் வெளியுறவு அமைச்சர் ஆல்பிரைட்டும் 2009-ல் கெய்ரோ உரையில் அதிபர் ஒபாமாவும் ஒப்புக்கொண்டார்கள். 2013-ல் வெளியான சி.ஐ.ஏ.வின் சொந்த ஆவணமும் உறுதிசெய்தது.

பிறகு வந்த 25 ஆண்டுகளை ஈரானியர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு சட்டத்தைச் சொல்கிறேன். ஈரானில் பணியாற்றும் அமெரிக்க ராணுவத்தினரையும் அவர்கள் குடும்பத்தினரையும் ஈரான் நீதிமன்றங்கள் விசாரிக்கக் கூடாது என்று 1964-ல் ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. தன் மண்ணில் தன் வீட்டுப் பிள்ளைமீது வண்டியை ஏற்றிய அயல்நாட்டவரைத் தன் நீதிபதியின் முன் நிறுத்த முடியாது என்றால் ஒரு குடிமகனின் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். அதை எதிர்த்துப் பேசியதற்காகத்தான், பின்னாளில் புரட்சிக்குத் தலைமை தாங்கிய மதகுரு கொமேனி நாடு கடத்தப்பட்டார். மனித உரிமையை முன்வைத்துப் பதவிக்கு வந்த கார்ட்டர் 1977-ன் கடைசி இரவில் டெஹ்ரான் விருந்தில் ஷாவின் ஆட்சியைப் புகழ்ந்தபோது, ஷாவின் ரகசியக் காவல்துறையான சவாக்கின் சிறைகளில் அரசியல் கைதிகள் இருந்தார்கள். புரட்சியில் ஆட்சியை இழந்த அதே ஷாவை 1979 அக்டோபரில் மருத்துவத்துக்காக அமெரிக்கா உள்ளே அனுமதித்தபோது, மறுபடியும் ஒரு 1953 வரப்போகிறது என்று டெஹ்ரான் மாணவர்கள் அஞ்சினார்கள். அவர்கள் செய்தது தவறு; அவர்களது அச்சம் கற்பனையில் முளைத்தது அல்ல.

444 நாளை நினைவில் வைத்திருக்கும் நீங்கள் 1988 ஜூலை 3-ஐயும் நினைவில் வையுங்கள். பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் போன ஈரான் பயணிகள் விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் சுட்டு வீழ்த்தியது. இறந்தவர்கள் 290 பேர். அவர்களில் 66 குழந்தைகள். 10 பேர் இந்தியர்கள். தாக்கவரும் போர்விமானம் என்று தவறாக எண்ணிச் சுட்டதாக அமெரிக்கா சொன்னது, வருத்தம் தெரிவித்தது, 1996-ல் இழப்பீடு தரவும் ஒப்புக்கொண்டது; ஆனால் சட்டப்படியான பொறுப்பை ஏற்கவில்லை. அந்தக் கப்பலின் தலைவருக்குப் பணிக்காலச் சேவைக்கென்று பதக்கமும் தந்தது. என்னைக் கேட்டால், சுட்டதைவிட அந்தப் பதக்கமே ஆறாத புண்.

இத்தனைக்குப் பிறகும், 2001 செப்டம்பர் தாக்குதலில் இறந்த அமெரிக்கர்களுக்காக டெஹ்ரான் தெருவில் இளைஞர்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். ஆப்கானிஸ்தானில் புதிய அரசை அமைக்க அவ்வாண்டு டிசம்பரில் பான் நகரில் கூடிய மாநாட்டில் ஈரானியத் தூதர்கள் அமெரிக்கத் தூதர்களோடு ஒத்துழைத்தார்கள். அடுத்த மாதமே அதிபர் புஷ், ஈராக்கோடும் வடகொரியாவோடும் சேர்த்து ஈரானையும் தீமையின் அச்சு என்றார். 2015-ல், தடைகளைத் தளர்த்துவதற்கு ஈடாக ஈரான் தன் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாடு எட்டப்பட்டபோது டெஹ்ரானில் மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். ஈரான் அதைக் கடைப்பிடித்துவருவதாகப் பன்னாட்டு அணுசக்தி முகமை சான்று அளித்துக்கொண்டிருந்த நிலையிலேயே, 2018 மே மாதம் டிரம்ப் அதிலிருந்து விலகி, பொருளாதாரத் தடைகளை மீண்டும் கொண்டுவந்தார். மருந்து வாங்கத் திண்டாடிய நோயாளிக்கு அந்த விலகல் என்னவாகத் தெரியும்?

இதனால் ஈரானின் ஆட்சியாளர்கள் நல்லவர்கள் ஆகிவிடமாட்டார்கள். 1953-ஐச் சொல்லிச் சொல்லித் தங்கள் சிறைகளையும் தூக்குமேடைகளையும் மறைக்கிறார்கள். மொசாதேக்கோடு முதலில் நின்ற ஆயத்துல்லா காஷானி கடைசியில் அவரைக் கைவிட்டவர் என்பதை அவர்கள் உரக்கச் சொல்வதில்லை. ஒரு நாட்டு மக்களின் நியாயமான மனக்குறையை அந்நாட்டின் கொடுங்கோலர்கள் பயன்படுத்திக்கொள்வதால் மனக்குறை பொய்யாகிவிடாது.

மற்ற நாடுகளைப் பாருங்கள். கொசோவோவின் பிரிஷ்டினா நகரில் பில் கிளின்டனுக்குச் சிலை உண்டு. அவர் ஆட்சியில் செர்பியாமீது நேட்டோ நடத்திய 1999 குண்டுவீச்சுக்கான நன்றி அது. அதே குண்டுவீச்சை செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் மக்கள் வேறுவிதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். 2008-ல் பாக்தாதில் செருப்பு வீசப்பட்ட அதே புஷ்ஷின் பெயரை கானாவின் தலைநகர் அக்ராவில் ஒரு நெடுஞ்சாலைக்கு வைத்திருக்கிறார்கள். அவர் 2003-ல் தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டம் ஆப்பிரிக்காவில் பல இலட்சம் உயிர்களைக் காத்தது. வியட்நாமில் 2017-ல் அமெரிக்காவை நல்லவிதமாகக் கருதியவர்கள் நூற்றுக்கு 84 பேர். குண்டுமழையில் நனைந்த நாடு அது. அங்கே வாஷிங்டனின் கொள்கை மாறியது, 1995-ல் உறவு சீரானது, சீனாவைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது, மக்கள் மனமும் மாறியது.

உதவியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு ஈரான்வரை போக வேண்டியதில்லை. 1965, 1966-ன் வறட்சியில் கப்பல் கப்பலாக வந்த அமெரிக்கக் கோதுமை இந்தியாவில் எத்தனையோ பேரின் பசியை ஆற்றியது. அந்த நன்றி நமக்கு உண்டு. ஆனால் வியட்நாம் போரை இந்தியா குறைகூறியதில் எரிச்சலுற்ற அதிபர் ஜான்சன், அந்தக் கோதுமையை மாதா மாதம் தன் கையொப்பத்துக்குக் காத்திருக்க வைத்து அனுப்பினார் என்பதையும் அன்றைய அமைச்சர்களும் அதிகாரிகளும் மறக்கவில்லை. 1971-ல் கிழக்கு வங்கத்தில் பாகிஸ்தான் படை நடத்திய கொலைகளை எதிர்த்து, டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட்டும் அவருடைய சகாக்களும் தங்கள் அரசின் மௌனத்தைக் கண்டித்துத் தந்தி அனுப்பினார்கள்; அதற்காக அவர் அங்கிருந்து மாற்றப்பட்டார். டிசம்பரில் நிக்சன் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். அந்தச் செய்தியை வானொலியில் கேட்டுக் கொதித்துப்போன நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்து, அமெரிக்காவின் செல்வத்தைக் கண்டு பொறாமைப்படுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்களா?