துறுதுறுப்பு இல்லாத ஏடிஎச்டி

வணக்கம் மேடம்,

ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகள் எட்டாம் வகுப்பு. “தங்கமான பிள்ளை, கவனம்தான் பத்தாது” என்பார்கள் டீச்சர்கள். நாலு கணக்குப் போட ராத்திரி பத்து மணியாகும். போட்ட நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவாள். “ஒரு இடத்தில் உட்காராத பையன்களுக்கு வருவது அது, இவளுக்கு எப்படி இருக்கும்?” என்கிறார் என் கணவர். சரிதானா?

கே.

அன்புள்ள கே,

ஓட்டமும் குதிப்பும் இல்லாமலும் ஏடிஎச்டி இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1994ஆம் ஆண்டுக் கையேடே கவனக்குறைவு மேலோங்கிய வகையைத் தனியாகச் சொல்கிறது. பெண் பிள்ளைகளிடம் அதிகம் தென்படுவது அதுதான். வகுப்பைக் கலைக்கிற பையன் டாக்டர் வரை போய்விடுகிறான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணால் யாருக்கு என்ன தொந்தரவு?

எழுதச் சோம்பல்படுகிறவள் பத்து மணி வரை உட்கார மாட்டாள். எழுதியும் நோட்டு பைக்குள் போகவில்லை என்பதைத்தான் நான் கவனிப்பேன். அப்புறம், காலையில் அந்தப் பையை அடுக்குவது யார்? ஐடி கார்டு, தண்ணீர் பாட்டில், ரெக்கார்டு நோட்டு என்று வாசலில் நின்று நீங்களே சரிபார்க்கிறீர்கள் என்றால், அவளுடைய சிரமத்தில் பாதி வெளியே தெரியாது. ஆறு, ஏழாம் வகுப்பில் பாடங்கள் பெருகும்போது அம்மாவாலும் ஈடுகொடுக்க முடியாமல் போகும்.

“பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு மறதியா” என்று திட்டு வாங்கியே வளர்கிறவள், எதையும் ஐந்து முறை சரிபார்த்து, அழுது, எப்படியோ சமாளிக்கக் கற்றுக்கொள்கிறாள். பிறகு பதற்றத்துக்கு மட்டும் வைத்தியம் நடக்கும். பிள்ளையைக் காட்டப் போன இடத்தில் தனக்கும் ஏடிஎச்டி இருப்பதைத் தெரிந்துகொண்ட அம்மாக்கள் உண்டு.

உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று நான் சொல்ல முடியாது. தூக்கக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு, கற்றல் குறைபாடு எல்லாமே இப்படித் தோற்றம் காட்டும். ஏடிஎச்டியை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, வீடு, பள்ளி இரண்டிலும் இருக்கிறதா, ஆறு மாதமாவது நீடிக்கிறதா என்று விசாரித்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் பழைய ரேங்க் கார்டுகளை எடுத்துப்போங்கள்; மதிப்பெண்ணைவிட டீச்சர் எழுதிய குறிப்பு உதவும். குழந்தை மனநல மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இது பரம்பரையாகவும் வருவது என்பதால், அவர் பள்ளியில் எப்படி இருந்தார் என்றும் டாக்டர் கேட்பார்.