‘ஹாய்’ சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்

கேள்வி: வெளிநாட்டில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். ஐந்து மாதமாகியும் உள்ளூர் மாணவர் ஒருவர்கூட நண்பராகவில்லை. வகுப்பில் சிரிப்பார்கள், வெளியே வந்தால் அவரவர் வழி. ஒரு கன்சல்டன்சி, கட்டணம் கட்டினால் ‘கலாச்சாரப் பரிமாற்ற மாலை’களில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறது. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். அந்த மாலைக்கு வரப்போகிறவர்கள் உங்களைப் போலவே கட்டணம் கட்டிய வெளிமாணவர்கள்தான். பள்ளி நாளிலிருந்தே தனக்கென்று ஒரு கூட்டம் உள்ள உள்ளூர்ப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? கேட்டுப் பாருங்கள்: போன தடவை உள்ளூர் மாணவர் எத்தனை பேர் வந்தார்கள், அதில் மறுமுறையும் வந்தவர் எத்தனை பேர்? பதில் வராது. ‘ஒருங்கிணைப்புச் சான்றிதழ்’ தருகிறோம் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு யாரோடு டீ குடிக்கப் போகிறீர்கள்?

உங்களை யாரும் ஒதுக்கவில்லை, மணிக்கணக்குதான் உதைக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரம் வேண்டும். நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். சேர்ந்து வேலை பார்க்கும் நேரத்தைவிடச் சும்மா பொழுதுபோக்கும் நேரத்துக்கே எடை அதிகம். வகுப்புக்கு முன்னும் பின்னும் பேசுவது வாரத்துக்குப் பத்து நிமிடம் என்றால், 15 வாரப் பருவத்தில் இரண்டரை மணி நேரம். வாரம் இரண்டு மணி நேரம் பயிற்சி நடக்கும் ஒரு குழுவில் இருந்தால் முப்பது.

ஆகவே ஒரே ஒரு குழு போதும்: கால்பந்தோ, நாடகமோ, பாட்டோ. வாரா வாரம் அதே நாள், அதே முகங்கள், பத்துப் பதினைந்து பேர். பருவத்தின் முதல் இரண்டு வாரத்துக்குள் சேருங்கள். பிறகு போனால் ஜோடி சேர்ந்திருப்பார்கள். ஆறு வாரமாவது விடாமல் போங்கள். முடிந்ததும் கிளம்பாமல் நாற்காலி அடுக்க நில்லுங்கள், பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். “ஒருநாள் சந்திப்போம்” என்பது பல ஊர்களில் விடைபெறும் வார்த்தை, அழைப்பு அல்ல. “வியாழன் மூன்று மணிக்கு லைப்ரரியில் இந்தக் கணக்கைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.

வகுப்புக் குழுவேலையை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெவ்வேறு கூட்டத்தார் பழகினால் தப்பெண்ணம் குறைய நான்கு நிபந்தனைகளை உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு. குழுவேலையில் நான்கும் இருப்பதுபோலத் தெரியும். முதலில் உடைவது சம அந்தஸ்து. பேச்சு வேகத்துக்கு நீங்கள் ஈடுகொடுக்கும் முன்பே வேலை பிரிந்துவிடும். யோசிப்பதும் மேடையில் பேசுவதும் அவர்களுக்கு, ஸ்லைடு ஒழுங்குபடுத்துவது உங்களுக்கு. முதல் கூட்டத்திலேயே, பிறர் வேலை எதை நம்பி நிற்கிறதோ அந்தப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். தரவு, கணக்கீடு, எதுவானாலும் சரி. பொது ஆவணத்தில் பெயரோடு எழுதிவையுங்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒரு பக்க வரைவை அனுப்பினால், வேகமாகப் பேச வேண்டிய அவசியமே இல்லை. குழுவில் உங்கள் மொழிக்காரர் இருந்தால் கிசுகிசுப்புகூடப் பொது மொழியில்தான். ஏற்கெனவே ஸ்லைடு வேலை தலையில் விழுந்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் எவரும் மாற்றித் தர மாட்டார்கள்.

கல்வி நிறுவனங்களைத்தான் சொல்ல வேண்டும். வெளிமாணவருக்கு அறிமுக வாரம் தனி, விடுதி மாடி தனி. பிரித்து வைத்துவிட்டு வருடம் ஒருநாள் ‘பன்முகத்தன்மை விழா’ என்று உடை, உணவுக் கடை, போட்டோ. உள்ளூர் மாணவர்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். அறிக்கையில் ‘ஒருங்கிணைப்பு’ என்று ஒரு பத்தி ஏறிவிடும். இருந்தாலும் வெளிமாணவர் அலுவலகத்தில் இலவசத் துணைமாணவர் திட்டம் (உள்ளூர் மாணவர் ஒருவரை உங்களுக்குத் துணையாகச் சேர்த்துவிடுவது) உண்டா என்று விசாரியுங்கள். கன்சல்டன்சி விற்பது பல இடங்களில் அங்கே சும்மா கிடைக்கும்.