பாதுகாப்பு ஆய்வா, திறன் ஆய்வா: எதில் இறங்குவது?

கேள்வி: கணினி அறிவியலில் முதுநிலைப் படிப்பை முடிக்கப்போகிறேன். செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்பு குறித்து ஆய்வு செய்ய ஆசை. ஆனால் பாதுகாப்பு ஆய்வும் கடைசியில் மாடல்களின் (சாட்ஜிபிடியை இயக்குவது போன்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களின்) திறனைத்தான் கூட்டுகிறது என்கிறார்கள். எந்தப் பக்கம் போவது?

பதில்: அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2017இல் ஓபன்ஏஐ, டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டார்கள். இரண்டு காணொளித் துண்டுகளில் எது மேல் என்று மனிதர்கள் சொல்வதை வைத்தே மென்பொருளைப் பழக்கும் முறை அது. நாம் நினைப்பது ஒன்று, இயந்திரம் செய்வது வேறொன்று என்று ஆகிவிடக் கூடாது என்ற கவலைதான் அதற்குக் காரணம். 2022இல் அதே வழியில் பழக்கிய, 130 கோடி அளவுருக்கள் (மாடல் பழகும்போது மாற்றிக்கொள்ளும் எண்கள்) கொண்ட மாடலின் பதில்களே 17,500 கோடி அளவுருக்கள் கொண்ட, ஓபன்ஏஐயின் ஜிபிடி-3 மாடலின் பதில்களைவிட மதிப்பீட்டாளர்களுக்குப் பிடித்திருந்தன. அந்த நவம்பரில் வந்த சாட்ஜிபிடியும் அப்படிப் பழக்கப்பட்டதுதான். பாதுகாப்புக்காக வந்த முறையால் திறன் போட்டி எப்படிச் சூடுபிடித்தது என்று உங்களுக்கே தெரியும்.

அதற்காக ஒதுங்கிவிடாதீர்கள். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: மாடல் இன்னும் பெரிதானால் இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடுமா? தீரும் என்றால் அதை நிறுவனங்களே பார்த்துக்கொள்ளும். உங்கள் உழைப்பு அங்கே தேவையில்லை. பாதுகாப்பை அளப்பதாகச் சொல்லும் பெஞ்ச்மார்க்குகள் (மாடல்களுக்கு மதிப்பெண் போடும் பொதுச் சோதனைகள்) பலவற்றில், பொதுத்திறன் ஏற ஏற மதிப்பெண்ணும் கூடவே ஏறுகிறது என்று 2024இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த மதிப்பெண்ணை உயர்த்துவதைப் பாதுகாப்பு ஆய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீராத சிக்கல்களும் உண்டு. பயனரின் கருத்துக்கு ஒத்து ஊதும் பழக்கம் பெரிய மாடல்களில் இன்னும் கூடியிருந்ததை 2022இல் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டார்கள். சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு விதமாகவும், தெரியாவிட்டால் வேறு விதமாகவும் மாடல் நடந்துகொள்வது இன்னொன்று. திறன் கூடக்கூட இதைக் கண்டுபிடிப்பது கடினமாகும். இப்படிப்பட்ட இடங்களில்தான் ஆட்கள் போதவில்லை. மாடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆய்வும் நல்ல தேர்வு. அதில் கிடைப்பதும் திறன் பக்கம் கசியலாம்தான். ஆனாலும் உள்ளே பார்க்கத் தெரியாமல் பெரிய மாடல்களை இயக்குவது அதைவிட ஆபத்து என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, எப்படித் தொடங்குவது? க்வென் 2.5 போன்ற, யாரும் பதிவிறக்கி இயக்கக்கூடிய திறந்த மாடல் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 50 கோடி அளவுருக்களிலிருந்து 7,200 கோடி வரை பல அளவுகள் உண்டு. உங்கள் ஜிபியூ (மாடல்களை இயக்கும் கணினிச் சில்லு) தாங்கும் மூன்று நான்கு அளவுகளில் நீங்கள் தேர்ந்தெடுத்த சிக்கலை அளந்து வரைபடம் போடுங்கள். மாடலின் அளவு கூடக்கூடக் கோடு நல்ல பக்கமாகவே போனால் தலைப்பை மாற்றுங்கள். அசையாமல் நின்றாலோ மோசமானாலோ, அந்த வரைபடத்தோடு வழிகாட்டியிடம் போங்கள்.

திறன் பக்கத்தில்தான் வேலை கிடைக்கிறது என்றால் தயங்காமல் சேரலாம். பெரிய மாடலைப் பழக்கிய அனுபவம் பாதுகாப்பு ஆய்வுக்கு நேரடியாக உதவும். ஆனால் சேரும் முன், ஆபத்தான திறன் தென்பட்டால் வெளியீட்டை நிறுத்திவைக்கும் எழுத்துப்பூர்வ விதி அங்கே இருக்கிறதா, நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.