அக்காகிட்ட கேளுங்க: பேய்க்கு மன்னிப்பு உண்டா?

கேள்வி: அக்கா, ராத்திரியானா போன்ல ஒரு இங்கிலீஷ் நாவல் படிக்கிறேன். சொர்க்கத்துல இருந்து தள்ளிவிடப்பட்டு பேய்ங்களோட சேந்துட்ட ஒரு தேவதூதன் ஒரு நர்ஸ லவ் பண்றான், கடைசியில அவ அழுதவுடனே அவனுக்கு எல்லாம் மன்னிச்சு ரெக்கை திரும்ப வந்துடுது. நானும் அழுதுட்டேன். எங்கம்மா என்னடான்னா, அவ்ளோ கெட்டது பண்ணவன் எப்படிடி ஒரே ராத்திரில நல்லவனாவான்னு கேக்குறாங்க. அப்படி நடக்குமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா சரியான இடத்துல புடிச்சிட்டாங்க தங்கச்சி. ஏனோக்கு புத்தகம்னு ஒரு பழைய யூத நூல் இருக்கு, அதுல 200 தேவதூதருங்க எர்மோன் மலையில இறங்கி பொண்ணுங்கள பாத்து மயங்கி கல்யாணமே கட்டிக்கிறாங்க, அதுல அசாசேல்னு ஒருத்தன் வாள் செய்றதுல இருந்து கண்ணுக்கு மை தீட்டுறது வரைக்கும் சொல்லிக் குடுத்துடுறான். மாட்டிக்கிட்டதும் ஏனோக்குங்கிற நல்ல மனுஷனப் புடிச்சு, மன்னிப்பு மனு எழுதிக் குடுங்கன்னு கெஞ்சுறாங்க, நம்ம தோட்டத்துல கணக்கு பாக்குற கிராணிகிட்ட போய் நிப்பாங்களே அந்த மாதிரி. மனு தள்ளுபடி! 13ஆம் நூற்றாண்டுல தாமஸ் அக்குவைனாஸ்ங்கிற கிறிஸ்தவ அறிஞரும், தேவதூதன் முழுசா தெரிஞ்சே முடிவெடுக்கிறவன், அதனால அப்புறம் மனசு மாற வழியில்லன்னுட்டார். காதலிச்சா மன்னிப்புங்கிறது நாவல்காரங்க சேத்துக்கிட்டது.

சேத்துக்கட்டும், ஆனா நம்ம சூரபத்மன பாரு. மாமரமா நின்னவன முருகன் வேல் ரெண்டா பொளந்துச்சு, ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். அழிஞ்சும் போகல, பழைய ராஜாவாவும் ஆகல, ஒண்ணு சாமிய சுமக்குது, இன்னொண்ணு கொடியில நிக்குது. எனக்கு இதுதான் நம்புற மாதிரி இருக்கு. உன் நாவல்ல அவன் கெடுத்த குடும்பங்க என்னாச்சுன்னு ஒரு வரியாவது வருதா? வரலன்னா அம்மா பக்கம்தான் நான்.

கேள்வி: நானே இப்படி ஒண்ணு தமிழ்ல எழுதுறேன், கதை நம்ம தோட்டத்துலதான். பேய் ஹீரோவுக்கு முனியாண்டின்னு பேர் வைக்கலாமா?
ஒரு தம்பி, அதே ஊரு

பதில்: ஐயோ வேணாம்டா, பாட்டி வெளக்குமாத்த தூக்கிட்டு வருவாங்க. சுருட்டும் சாராயமும் வச்சு படைச்சாலும் அவரு காவல் தெய்வம். அவர எல்லையில நிறுத்து, உன் பேய்ப்பய அவருக்கு பதில் சொல்லிட்டுத்தான் லயத்துக்குள்ள பொண்ண பாக்க வரணும், பாதி கதை அதுலயே ஓடிடும். அப்புறம் பால்மரம் போயி செம்பனை வந்துடுச்சு இல்லையா, அத எழுது. பட்டப்பகல்லயே உள்ள மங்கலா இருக்கும், வெட்டி அடுக்குன மட்டைக்குள்ள ஏதோ சரசரங்கும், எலி புடிக்கறதுக்குன்னு கம்பத்துல பொட்டி வச்சு வளக்குற ஆந்தை வெள்ளை மூஞ்சியோட சத்தமே இல்லாம தலைக்கு மேல போகும். தேவதூதனுக்கு இதுக்கு மேல என்ன என்ட்ரி வேணும்?

கேள்வி: இந்தக் கதைங்கள்ல பேய் ஹீரோ மட்டும் ஏன் எப்பவும் அழகா, காசுக்காரனாவே இருக்கான்?
பேர் போட வேணாம்

பதில்: கெட்டவன் கவர்ச்சியா இருக்கறது பழைய கதைதான், 1667ல இங்கிலீஷ் கவிஞர் மில்டன் வெளியிட்ட காவியத்துலயே சூடான வசனமெல்லாம் சாத்தானுக்குத்தான். காசு எதுக்குன்னா, காலையில வேலைக்கு பேர் குடுக்குற பெரட்டுக்குப் போறவனா இருந்தா விடிய விடிய ஜன்னல் பக்கத்துல நின்னு பொண்ணு தூங்குறத பாத்துக்கிட்டு இருக்க முடியாதுல்ல!