வட்டாரக் கதைகளை மட்டும் நம்பி ஒரு நாட்டுப்புறப் பாடலாசிரியர் தொழில் நடத்த முடியுமா?

முடியும் என்பதற்கு நான் அறிந்த நல்ல சான்று, கனடாவின் ஸ்டான் ராஜர்ஸ். வசதியாக வாழ முடியுமா என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தயங்குவேன்.

வேலைக்காக ஒன்டாரியோ மாகாணத்தின் ஹாமில்டன் நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், உடன் பணிபுரிந்த ஒருவரின் ஓய்வு விருந்துக்குப் போயிருந்தேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர், வாத்தியம் எதுவும் இல்லாமல், மேசையைத் தட்டியபடி ஒரு பாட்டைப் பாடினார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து முழங்கிய விதம், நம் கரைகளில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை நினைவூட்டியது. 1778இல், பிரிட்டிஷ் மன்னரின் அனுமதிக் கடிதத்தோடு அமெரிக்கக் கப்பல்களைக் கொள்ளையடிக்கப் புறப்பட்ட ஒழுகல் கப்பல் ஒன்றில் ஏறி, இரண்டு கால்களையும் இழந்து கரை திரும்பிய இளைஞனின் புலம்பல் அது. “இருநூறு வருஷப் பழைய பாட்டு” என்றார் பக்கத்தில் இருந்தவர். நானும் நம்பிவிட்டேன். அது 1970களில் ராஜர்ஸ் எழுதிய ‘பாரெட்ஸ் பிரைவட்டியர்ஸ்’ என்பதும், அந்தக் கப்பலும் அதன் தலைவனும் அவருடைய கற்பனை என்பதும், அவர் 1949இல் இதே ஹாமில்டனில் பிறந்தவர் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன.

ஹாமில்டன் எஃகு ஆலைகளின் ஊர். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. ஆனால் அவருடைய பெற்றோர் கிழக்குக் கடற்கரை மாகாணங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்பதால், பள்ளி விடுமுறைகளில் நோவா ஸ்கோஷியாவின் கைஸ்பரோ பகுதியில் இருந்த தாய்வழி உறவினர்களிடம் போய்வந்தார். ஐந்து வயதில் மாமா ஒருவர் செய்துகொடுத்த கிட்டாரில் தொடங்கியவர், 1970 வாக்கில் பெரிய இசை நிறுவனம் ஒன்றுக்காகச் சில தனிப்பாடல்களைப் பதிவு செய்தார், அவை எடுபடவில்லை. அந்தக் கடற்கரையைப் பற்றியே எழுதக் கூடாதா என்று உறவினர் ஒருவர் சொன்ன பிறகே அவருக்கு வழி திறந்தது. ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளை என்பதால்தான், அங்கேயே இருப்பவர்களுக்குச் சலித்துப்போன கதைகள் அவர் காதில் புதிதாக விழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் கேட்ட கதையை அப்படியே செய்யுளாக்குவது அவர் வேலை அன்று. தொழிலுக்குள் புழங்கும் சொல் ஒன்றைப் பிடித்துக்கொள்வார். அக்காலத்துச் சிறு மீன்பிடி படகுகளில், மின் தொடுப்பு சேர்ந்து பிரியும் கணத்தில் பொறி பறந்து ஓடும் ‘மேக் அண்ட் பிரேக்’ என்ற பழைய ரக எந்திரங்கள் இருந்தன. மீன்வளம் குறைந்து இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஒரு கற்பனைத் துறைமுகத்துக்கு அந்த எந்திரத்தின் பெயரையே வைத்து ஒரு பாட்டு எழுதினார். ஆக்குவது (மேக்), உடைவது (பிரேக்) இரண்டும் அந்தப் பெயருக்குள்ளேயே இருப்பதால், ஊர் அழிகிறது என்று அவர் தனியாக அழுது காட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒரே வட்டாரத்தில் நின்றுவிடவும் இல்லை. 1981இல் வந்த ‘நார்த்வெஸ்ட் பாஸேஜ்’ தொகுப்பில் மேற்கு மாகாணங்களின் வாழ்க்கைக்குப் போனார். அதன் தலைப்புப் பாடலைக் கனடாவின் இன்னொரு தேசிய கீதம் என்று பலர் கொண்டாடுகிறார்கள். எனக்கோ அதே தொகுப்பின் சிறிய பாடல்கள்தான் பெரியவை. பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுக் காப்பிக் கோப்பையை எடுக்கும் பெண், தன் முகச் சுருக்கங்களைப் பார்த்து யோசிப்பது ஒரு பாட்டு. அரசு உதவித்தொகையில் காலம் தள்ள மனமில்லாமல், கிழக்கிலிருந்து மேற்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனவன் தன்னையே முட்டாள் என்று அழைத்துக்கொள்வது இன்னொன்று. புலம்பெயர்ந்து உழைக்கும் நம்மவர் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

தொழில் என்று பார்த்தால், குடும்பத்தார் துணையுடன் நடந்த சிறு பதிவு நிறுவனம், தம்பி கார்னெட்டின் வயலின், ஓயாத பயணம், நாட்டுப்புற இசை விழாக்கள், சிறு அரங்குகள் ஆகியவைதான் அவருடைய முதலீடு. 1983 ஜூன் 2 அன்று, டெக்சாஸில் நடந்த ஓர் இசை விழாவிலிருந்து திரும்பும் வழியில் விமானம் நடுவானில் தீப்பற்றி, சின்சினாட்டி விமான நிலையத்தில் அவசரமாக இறங்கியது. அதிலிருந்த 46 பேரில் 23 பேர் இறந்தனர். ராஜர்ஸ் அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 33.

அதற்கு நான்கு மாதங்கள் முன்பு, பிப்ரவரியில், ‘மரைன் எலெக்ட்ரிக்’ என்ற நிலக்கரிக் கப்பல் வர்ஜீனியா கரைக்கு அப்பால் மூழ்கி, 34 பேரில் மூவர் மட்டுமே பிழைத்தனர். அம்மூவரில் ஒருவரான தலைமை அதிகாரி ராபர்ட் குசிக், நீர் நிறைந்த உயிர்காப்புப் படகில் உறையும் குளிரில் தனியாகக் கிடந்தார். முதலாளிகள் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு கைவிட்ட கப்பலை அதன் மாலுமிகளே மீட்டெடுக்க முனையும் ராஜர்ஸின் ‘மேரி எலன் கார்ட்டர்’ பாட்டை அவர் அறிந்திருந்தார். மீண்டும் எழு என்ற அதன் பல்லவியை, அலைகள் தலைக்கு மேல் கவிழ்ந்தபோதெல்லாம் விடாமல் பாடியதாகப் பின்னர் அவரே சொல்லியிருக்கிறார்.